குளத்தில் நின்றுபோன மிஷின்

படகு மிஷின் திருத்துகிறவனுடைய பிழைப்பு இவ்வளவுதான்: மிஷின் ஓடினால் ஓட்டியின் கெட்டித்தனம், நின்றால் மெக்கானிக்கின் பிழை. தண்ணிப் பம்ப் திருத்துகிறவர்கள், தையல் மிஷின் பார்க்கிறவர்கள், வீட்டுக்கு வயர் இழுக்கிறவர்கள் எல்லாரும் இதைப் படித்துத் தலையாட்டுவீர்கள் என்று தெரியும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

மன்னார் உப்புக்குளத்தில் எனக்கு ஒரு கடை இருக்கிறது. மீன்பிடிப் படகின் பின்பக்கத்தில் பூட்டுகிற மிஷின்கள்தான் என் வேலை. தவக்காலம் தொடங்குவதற்கு முந்திய சனி ஞாயிறில், மாரி மழைக்கு நிரம்பிய, தீவுக்கு வெளியே பெருநிலத்துக் குளமொன்றில் மிஷின் படகுப் போட்டி வைப்பார்கள். கடல்காரர் படகை உழவு மிஷின் இழுக்கிற பெட்டியில் ஏற்றிக்கொண்டு வயல்நாட்டுக்குப் போகிற காட்சியை வருஷத்தில் அந்த ஏழு நாள் கிழமையில்தான் பார்க்கலாம். போட்டி கிட்ட வந்தால் எனக்குச் சோறு இறங்காது. அவ்வளவு புளுகம், அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் போன வருஷம் நடந்தது வேறு. என் மனைவி ஸ்ரெல்லாவின் அண்ணன் றீகன், வங்காலை ஊர்க்காரர், நான் பார்த்துக் கொடுத்த மிஷினோடு எல்லாருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தார். மூன்று சுற்றுப் போட்டியில் இரண்டாம் சுற்றில் மிஷின் செத்து நடுக்குளத்தில் நின்றது. அன்றிலிருந்து வங்காலையில் எவருடைய மிஷின் இருமினாலும் என் பெயர்தான் அடிபட்டது. அங்கிருந்து வருகிற வேலை பாதியாகிவிட்டது. இந்த முறையும் என் கை பட்ட மிஷின் நின்றால், போர்டைக் கழற்றி வைத்துவிட்டு வேறு வேலை தேட வேண்டியதுதான் என்று ஸ்ரெல்லாவிடம் சொல்லியிருந்தேன். அவள் அடுத்த நாளே பேப்பரில் வேலை விளம்பரம் பார்க்கத் தொடங்கினாள். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

செயலாளரின் மூக்கு

எங்கள் பக்கத்து மிஷின்கள் மண்ணெண்ணெயில் ஓடுகிறவை. குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற கமக்காரரின் அமைப்பு போட்டிக்கு இடம் கொடுத்ததே, பெற்றோலில் மட்டும் ஓடவேண்டும் என்ற நிபந்தனையில்தான். மண்ணெண்ணெய் படலமாகத் தண்ணீரில் நிற்கும், அந்தத் தண்ணீரில்தான் வயல் விளைகிறது, ஊர் குளிக்கிறது. அமைப்பின் செயலாளர் பரமேஸ் அண்ணர் போட்டிக்கு ஒரு கிழமை முன்னதாகவே என் கடைக்கு வந்துவிட்டார். கடைக்குள் நின்ற மிஷின் ஒவ்வொன்றுக்கும் கிட்டப் போய், குனிந்து, மாம்பழம் வாங்குகிறவர் மாதிரி மணந்து பார்த்தார்.

எல்லாவற்றையும் கழுவி, மண்ணெண்ணெய்ப் பைப்பைக் கழற்றி, பெற்றோல் கானை மட்டும் பூட்டித்தான் அனுப்புவேன் என்று சத்தியம் பண்ணினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு அமைதியாகச் சொன்னார்: “தம்பி, உங்கட மீனுக்கு மண்ணெண்ணெய் பழகியிருக்கும். எங்கட நெல்லுக்குப் பழக்கமில்லை.”

பிலோமினா அன்ரியின் வேண்டுகோள்

அந்தக் கிழமை கடை கல்யாண வீடு போல இருந்தது. எல்லாருக்கும் வேகம் வேண்டும். ஒருவர் புறொப்பெல்லரை வீட்டிலேயே அரத்தால் ராவிக் கொண்டுவந்து, இதைவிட மெல்லிசாக்க முடியுமா என்று கேட்டார். இன்னொருவர் மிஷினின் மூடி பாரம் என்று கழற்றி வீசிவிட்டு வந்திருந்தார். நானும் ஒவ்வொரு மிஷினையும் தண்ணீர் நிறைத்த தகரப் பரலில் இறக்கி முறுக்கிப் பார்க்கப் பார்க்க, சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் பஞ்சு வாங்கிக் காதில் அடைத்துக்கொண்டார். எனக்கோ அந்தச் சத்தம் காணாது, இன்னும் வேண்டும் போலிருந்தது.

எல்லாரும் போன நேரம் பார்த்து, இரண்டு படகுக்குச் சொந்தக்காரியான பிலோமினா அன்ரி வந்தார். அவருடைய மருமகன்தான் அவருடைய படகை ஓட்டப்போகிறவன். அன்ரி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: “மற்றவையின்ர மிஷினை எப்பிடியும் கெதியாக்கு, தம்பி. என்ரயை மட்டும் ஆளுக்குத் தெரியாமக் கொஞ்சம் மெதுவாக்கு. மகள் இப்ப ஏழு மாசம்.”

கழுவின தண்ணி

தலைமன்னாரிலிருந்து அன்ரன் என்று ஒருவர் புதன்கிழமை குளத்தில் ஓடிப் பார்த்துவிட்டு நேரே கடைக்கு வந்தார். மிஷினை இறக்கிய கையோடு, நல்ல தண்ணி வேண்டும், உள்ளே கழுவ வேண்டும் என்றார். கடலில் ஓடிய மிஷினை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவாவிட்டால் உப்பு பிடித்து உள்ளே தின்றுவிடும். இருபது வருஷமாக அவர் கழுவாமல் வைத்ததில்லை, நானும் விட்டதில்லை. நான் ஓடிப்போய்ப் பைப்பைத் திறக்க, அவர் மிஷினைப் பிடிக்க, இருவரும் வியர்த்து ஒழுகக் கால்மணி நேரம் கழுவினோம். மூலை முடுக்கெல்லாம் கழுவினோம்.

தேத்தண்ணி கொண்டுவந்த ஸ்ரெல்லா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். “உப்பில்லாத குளத்தில ஓடின மிஷினில இரண்டு பேரும் எந்த உப்பைத் தேடுறியள்?”

முதுகு காட்டிய மச்சான்

வியாழக்கிழமை றீகன் மச்சான் வந்தார். வேறு மெக்கானிக்கிடம் போயிருக்கிறார், அந்த ஆளுக்கு நேரமில்லையாம். அதனால்தான் வந்தேன் என்பதை வாசலில் நின்றே சொல்லிவிட்டு, கதிரையை எனக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டு அதில் குந்திக்கொண்டார். நான் காபரேற்றரைக் கழற்றினேன், சுத்தம். பிளக் மாற்றினேன். பம்ப், வயர், பைப் எல்லாம் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. போன வருஷமும் அப்படித்தான், போட்டிக்கு அடுத்த நாள் இதே கடையில் ஒரே இழுவையில் பிடித்து ஓடியது. மிஷினில் கோளாறு கண்டுபிடித்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

பரலில் இறக்கி இழுத்தேன். அழகாக ஓடியது. கேளுங்கோ மச்சான், ஒரு இருமல்கூட இல்லை என்றேன். அவர் திரும்பாமலே சொன்னார்: “உன்ர கடையில ஓடும். என்னோட வந்தாத்தான் நிக்கும்.”

இடது கை

அந்தச் சொல் என்னைக் குடைந்தது. வெள்ளிக்கிழமை குளத்தில் கடைசி ஓட்டம் பார்க்கிற நேரம், கூப்பிடாமலே மச்சானுடைய படகில் ஏறி அவருக்கு எதிரே குந்தினேன். படகு கிளம்பிய கிளம்பலில் எனக்கு எல்லாக் கவலையும் பறந்துவிட்டது. முகத்தில் தண்ணீர் அடித்தது. அணைக்கட்டில் நின்ற சனம் கைதட்டியது. முதல் சுற்று முடிந்து மிஷின் நன்றாகச் சூடேறியது. அப்போது, பார்வை முன்னால் இருக்க, மச்சானுடைய இடது கை மெல்லப் பின்னால் போய், மிஷின் பக்கத்தில் இருந்த சின்னத் திருகைத் திருப்பிவிட்டு வந்தது.

கடலில் மிஷினைப் பெற்றோலில் இழுத்துப் பிடித்துக் கிளப்புவார்கள். சூடேறியதும் அந்தத் திருகைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இங்கே மறுபக்கம் மண்ணெண்ணெய் இல்லை, வெறும் ஓட்டை. கொஞ்ச தூரம் ஓடி, இருமி, மிஷின் செத்தது. செத்ததும் அதே கை மறுபடி பெற்றோலுக்குத் திருப்பியது. பிடிப்பதற்குப் பெற்றோல்தானே வேண்டும், அதுவும் பழக்கம். காலியான பைப்பில் பெற்றோல் ஏறி மிஷின் திரும்பப் பிடிப்பதற்குள் போட்டி முடிந்துவிடும். முப்பது வருஷப் பழக்கத்தில் கை தானாகச் செய்கிற வேலை, செய்ததற்கு அடையாளமும் இல்லை. அதனால்தான் கடையில் நான் ஒன்றும் காணவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரைக் குளத்தில் தள்ளியிருப்பேன். ஒரு வருஷம் என் பெயரைக் கெடுத்த கை அது. அந்தக் கையைப் பிடித்துத் திருகின் மேல் வைத்தேன். அவர் திருகைப் பார்த்தார், கையைப் பார்த்தார், கரையில் நிற்கிற வங்காலைச் சனத்தைப் பார்த்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: “இதை ஆருக்கும் சொல்லாதே, மச்சான்.”

ஞாயிறு

நான் சொல்லவில்லை. ஸ்ரெல்லாவின் அண்ணன், என்ன செய்வது? வெள்ளி பின்னேரமே, மச்சானுடையதை மட்டும் தொட்டால் கதை வெளிவரும் என்று, போட்டிக்கு வந்த மிஷின் எல்லாவற்றிலும் திருகைக் கழற்றி, பெற்றோல் பைப்பை நேரே பூட்டினேன். கேட்டவர்களிடம் செயலாளரின் நிபந்தனை என்றேன். சனிக்கிழமைத் தெரிவு ஓட்டத்தில் ஒரு மிஷினும் நிற்கவில்லை.

சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து பங்குச் சுவாமியார் வந்து படகுகளுக்குத் தீர்த்தம் தெளித்தார். அதே நேரம் அணைக்கட்டுப் பிள்ளையாருக்குக் கமக்காரர் தேங்காய் உடைத்தார்கள். கொடி விழுந்ததும் எட்டு மிஷின் ஒன்றாக எடுத்த சத்தத்தில் குளத்துக் கொக்கெல்லாம் எழும்பின. நான் முழங்கால் தண்ணீரில் நின்று, என்ன கத்துகிறேன் என்று எனக்கே தெரியாமல் கத்தினேன். இரண்டாம் சுற்றில் மச்சானுடைய இடது கை பின்னால் போவதைக் கண்டேன். கை அங்குமிங்கும் தடவியது, ஒன்றும் அகப்படவில்லை, திரும்பி வந்தது. மூன்றாம் சுற்றில் ஒரு படகு நீளம் முன்னால் வந்து முடித்தார்.

ஸ்ரெல்லா அழுதுகொண்டு சிரித்தாள். நானும் அப்படித்தான். அறிவிப்பாளர் மைக்கை மச்சானிடம் நீட்டி, போன வருஷம் கைவிட்ட மிஷின் இந்த வருஷம் எப்படிக் கைகொடுத்தது என்று கேட்டார். மச்சான் அணைக்கட்டுச் சனத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஓட்டி கெட்டிக்காரன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், நானும் வாய் திறந்திருக்க மாட்டேன். அவர் மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டார்: “போன வருஷம் மிஷின் நிக்கேல்ல. நான்தான் நிப்பாட்டினனான். இண்டைக்கு நிப்பாட்ட மச்சான் விடேல்ல.”

திங்கட்கிழமை கடை திறக்கும்போதே வங்காலையிலிருந்து மூன்று மிஷின்கள் வந்து நின்றன, மூன்றிலும் ஒரு கோளாறும் இல்லை, ஆனாலும் ஆணி ஆணியாகக் கழற்றிப் பூட்டித்தான் கொடுத்தேன், ஓட்டுகிறவரில்தான் பிழை என்று சொல்லி எந்த மெக்கானிக்காலும் கடை நடத்த முடியாது.