எதிர்வக்கீல் வாங்கிக் குடுத்த காபி

அண்ணே, உன்ன கூப்புட இப்பவும் வாய்ல வருது, கூப்புட முடியல. அம்மா காதுல விழுந்தா அழுவுது. அதனால எழுதறேன். அஞ்சாவதோட நின்னவ எழுதறது. தப்பு இருந்தா சிரிப்ப. சிரி.

தேவனாம்பட்டினத்துல நம்ம தெருவுலேருந்து வக்கீலுக்குப் படிக்க மெட்ராஸ் போனது நீதான். லீவுக்கு வந்தா வூட்ல தங்க மாட்ட. கோர்ட்டுன்னா பயப்படற சனங்களுக்கு மனு எழுதிக் குடுப்ப, திருப்பாதிரிப்புலியூர்ல ஒரு பெரிய வக்கீல்கிட்ட இட்டுக்கினு போவ. அவரும் உன் மொகத்துக்காவ ஏழைங்ககிட்ட ஃபீஸ் வாங்க மாட்டாரு.

"நாமளே பழைய சோறு துன்றோம், நீ ஊருக்கு ஓசி வக்கீலாடா?"ன்னு அம்மா கேக்கும்.

"இப்ப ஓசில கத்துக்கறேம்மா, அப்புறம் காசுக்குச் செய்யறேன்"ம்ப.

மாமா கேஸும் அப்படித்தான் வந்துச்சி. மாமான்னா அம்மாகூடப் பொறந்த தம்பி. சிதம்பரத்துக்குக் கெழக்க கடலோரக் குப்பத்துல இருக்குறாரு. அவுங்க படகு ஏத்தி வலை காயப் போடற மணல ஒரு நெலக்காரரு தன்னுதுன்னு வேலி போட்டுட்டாரு. அது போனா குப்பத்துக்குப் பொழப்பே இல்ல. சிதம்பரம் கோர்ட்டுல கேஸ் போட்டீங்க.

விசாரணை அன்னிக்கி காலைல நம்ம வக்கீலுக்கு நெஞ்சு வலி, படுத்துட்டாரு. நீ தனியா ரயில் ஏறின. மாமா வூட்டுக்குப் போவலாம்னு நானும் கூட வந்தேன். படிக்கிற பையன் கோர்ட்ல வாய தொறக்க முடியாது. வக்கீல் இல்லன்னா கேஸத் தள்ளிடுவாங்களோன்னு உனக்கு வேர்த்துக் கொட்டுது.

நேரா எதிர்வக்கீல்கிட்ட போயி கும்பிட்ட. வயசானவரு. "சார், எங்க சீனியருக்கு ஒடம்பு முடியல. நீங்க ஒத்துக்கிட்டா வாய்தா கெடைக்கும்"ன்ன.

"உங்க சீனியர் இல்லாத நேரத்துல ஜெயிச்சா எனக்கு என்னப்பா பெரும?"ன்னாரு. அவரே எழுந்து ஜட்ஜுகிட்ட சொல்லி வாய்தா வாங்கிக் குடுத்தாரு. வெளில வந்ததும், "மொகம் வாடிக் கெடக்குதே, சாப்டியா?"ன்னு எதிர்க்கடையில காபி வாங்கிக் குடுத்தாரு. நீ குடிச்ச. அவரு என்னமோ சொன்னாரு, சிரிச்ச. அவரு பேப்பர் கட்ட தூக்கினு போயி குதிர வண்டில வச்ச.

மாமாவும் குப்பத்து ஆளுங்களும் மரத்தடில நின்னு பாத்துக்கினு இருந்தாங்க.

நம்ம சனத்துல சண்டை நடக்குறப்ப எதிராளி கையால தண்ணி கூட வாங்க மாட்டோம். வாங்கிக் குடிச்சா சண்டை முடிஞ்சிது, விட்டுக் குடுத்துட்டோம்னு அர்த்தம். உனக்குத் தெரியாததா? மெட்ராஸ்ல மறந்துட்டியா, இல்ல பசியான்னு நான் கேக்கவே இல்ல.

"காபி ருசியா இருந்துச்சா மாப்ளே?"ன்னாரு மாமா.

"மாமா, சண்டை கோர்ட்டுக்குள்ளதான். வெளில அவரு பெரியவரு, நான் சின்னவன். மரியாதையா கேட்டதாலதான் இன்னிக்கி கேஸு பொழச்சிது."

"யாரு கேஸு?"ன்னாரு பக்கத்துல ஒருத்தரு. "இன்னிக்கி கட்ட தூக்குறான். நாளைக்கி செருப்ப தூக்குவான்." எல்லாரும் சிரிச்சாங்க. நீயும் சிரிக்கப் பாத்த, வரல.

நீ குப்பத்த வித்துட்டன்னு கூட்டம் போட்டு முடிவு பண்ணிட்டாங்க. நம்ம வூட்டோட பேச்சு கெடையாது, நல்லது கெட்டது கெடையாதுன்னு கட்டுப்பாடு. நீ அப்பவும் விடல. லீவு கெடைச்சா வாய்தாவுக்குப் போயி ஒடம்பு தேறின நம்ம வக்கீல் பின்னால உக்காந்து எழுதிக் குடுப்ப. மாமா மூஞ்ச திருப்பிக்குவாரு.

"ஏண்டா போயி அவமானப்படற?"ன்னு அம்மா கேட்டுது.

"கேஸ் ஜெயிக்கட்டும்மா, மாமாவே வருவாரு."

அப்புறம் மெட்ராஸ்லேருந்து கண்ணெல்லாம் மஞ்சளா வந்து எறங்கின. கீழாநெல்லி அரச்சிக் குடுத்தோம், டாக்டர்கிட்ட தூக்கினு போனோம். ஒண்ணும் கேக்கல. நெனவு தப்பறதுக்கு முன்னால "மாமா வந்தாரா?"ன்ன. "வந்துக்கினே இருக்கான்டா"ன்னு அம்மா பொய் சொல்லிச்சி.

நீ போனதும் மாமாவுக்கு ஆள் அனுப்பினோம். வரல. செத்தவங்க மேல தாய்மாமன் போட வேண்டிய கோடித் துணி இல்லாமலே உன்ன தூக்கினாங்க. நம்ம வக்கீலும் எதிர்வக்கீலும் ஒண்ணா வந்தாங்க. காபி வாங்கிக் குடுத்த அந்தப் பெரியவரு செருப்ப கையில எடுத்துக்கினு மணல்ல நடந்து வந்து உன் கால்மாட்டுல நின்னாரு. "பாத்தியா, அவன் ஆளு வந்துட்டான்"னு பின்னால நம்ம தெருக்காரங்களே பேசிக்கினாங்க. செத்தும் உன்ன விடல.

மணல் குப்பத்துக்குத்தான்னு தீர்ப்பு வந்துச்சி. அந்த ஒரு வாய்தா இல்லன்னா தீர்ப்பே இல்ல, அத வாங்கினது அந்தப் பையன்தான்னு நம்ம வக்கீல் கோர்ட் வாசல்லயே மாமாகிட்ட சொன்னாராம். மறுநாளு மாமா கோடித் துணியோட வந்து வாசல்ல உக்காந்தாரு.

"அக்கா"ன்னாரு.

அம்மா மீன் அறுத்துக்கினு இருந்துச்சி, நிமிரல. "யாரு மேல போடப் போற?"ன்னுது.

மாமா என்ன பாத்து, "ஒரு வாய் தண்ணி குடும்மா"ன்னாரு. நான் சொம்ப எடுத்தேன். அம்மா என்ன பாத்துது. நான் சொம்ப இருந்த எடத்துல வச்சிட்டேன். அவரு கோடிய மடியில வச்சிக்கினு வெயில் எறங்கற வரைக்கும் இருந்துட்டு எழுந்து போனாரு.

இத படிக்கிறவங்க எந்த சாமிய கும்பிட்டாலும் சரி, எங்க அண்ணன நெனச்சி ஒரு தடவ வேண்டிக்குங்க. மாமன் கோடி இல்லாம போனவரு. அவரு யாரையும் விக்கல. அத சாமிகிட்ட நீங்க எல்லாரும் சொல்லுங்க.