குட்டிக்காக உடுத்த வெள்ளை

எங்கள் நாய்க்குட்டிக்கு உலகத்தில் மூன்று பேரைத்தான் தெரியும்: இவர், நான், தவழத் தொடங்கியிருந்த எங்கள் மகள். அதைக் குறை சொல்ல முடியாது. கண்டாவளைப் பக்கம் எங்களுக்குக் கிடைத்த காணியில் குடியேறிய புதிதில், பக்கத்து வீடு என்பதே வாய்க்கால் கரையால் நெடுந்தூரம் நடந்து போக வேண்டிய இடமாக இருந்தது. பயிரை அழிக்கும் காட்டுப் பன்றிக்குக் காவல் என்று இவர் ஓமந்தையிலுள்ள சிநேகிதரிடம் குட்டியை வாங்கிச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்தார். பன்றியைக் கண்டால் அது என் காலுக்குப் பின்னால் ஒளிந்தது. மனிதரைக் கண்டால்தான் பாய்ந்தது.

மனிதர் என்றால் முக்கியமாக மிஸி. சைக்கிளில் வந்து பிள்ளையைப் பார்த்துப் போகும் அரசாங்க மருத்துவிச்சியை நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். வெள்ளைச் சீலை, கறுப்புக் குடை, தோல் பை, எப்போதும் அவசரம். பள்ளிக்கூடத்தில் மனையியலில் நல்ல புள்ளி எடுத்தவள் நான். ஆனால் பிள்ளைக்கு விக்கல் நிற்காவிட்டால் பயப்படலாமா கூடாதா என்பது அந்தப் பாடத்தில் இல்லை. மிஸி படலையைத் தாண்டிய உடனேயே, அடுத்த முறை கேட்க வேண்டியவை என் மனதில் சேரத் தொடங்கிவிடும்.

ஒருமுறை வந்தபோது குட்டி அவருடைய சீலைக் கரையைக் கவ்விக்கொண்டது. மிஸி கதிரையில் ஏறி நின்றார். அங்கே நின்றபடியே பிள்ளையை வாங்கிப் பார்த்து, அங்கே நின்றபடியே திருப்பித் தந்தார்.

"இஞ்சை பாரும் பிள்ளை, இனி நான் வெளியிலை நிண்டு மணி அடிப்பன். நீர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு றோட்டுக்கு வாரும். உது நிக்கிற வளவுக்குள்ளை நான் கால் வைக்கமாட்டன்."

வெயிலில் றோட்டில் நின்று எத்தனை கேள்வி கேட்க முடியும்?

இவர் உடனே தீர்ப்புச் சொன்னார். "மிஸி அடுத்தமுறை வாறதுக்கிடையிலை உது ஆக்களோடை பழகவேணும். இல்லாட்டி திருப்பி ஓமந்தைக்குத்தான்."

"கட்டி வைப்பமே?"

"கட்டின கயிறு எல்லாத்தையும் உது திண்டு முடிச்சிட்டுது. நீர் காணேல்லையே?"

ஆனால் எங்கள் மகள் சோறு தின்பது குட்டியைப் பார்த்துக்கொண்டுதான். அது கொட்டாவி விட்டால் அவளும் வாயைத் திறப்பாள். அந்த நேரம் பார்த்து நான் சோற்றை வைத்துவிடுவேன். குட்டி போனால் சோறு போகும். மிஸி போனால் என் நித்திரை போகும். இரண்டையும் விட எனக்கு மனமில்லை.

மிஸியின் கோலத்துக்கே குட்டியைப் பழக்குவது என்று முடிவெடுத்தேன். முதலில் எங்கள் குடையை முற்றத்தில் விரித்து வைத்து, அதற்குள் பொரித்த நெத்தலியைப் போட்டேன். குட்டி குடையைச் சுற்றிச் சுற்றி உறுமிவிட்டுக் கடைசியில் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. சைக்கிள் மணிக்காகச் செம்பில் கரண்டியால் தட்டினேன். அதற்கும் பழகியது. மிஞ்சியது வெள்ளைச் சீலை.

என்னிடம் வெள்ளைச் சீலை எப்படி இருக்கும்? கட்டின புருஷன் குத்துக்கல்லாக இருக்க யார்தான் வெள்ளை உடுப்பார்கள்? இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் இவர் வயலுக்குப் பசளை எடுக்க உழவு மெசினில் பரந்தனுக்குப் போனதும், அவருடைய எட்டு முழ வேட்டியை எடுத்துச் சீலை மாதிரி உடுத்தேன். நீளம் போதவில்லை, குட்டிக்கு அளவு தெரியாதுதானே. இதனால் இவருக்கு ஏதும் வந்துவிடுமோ என்றும் ஒரு பயம். கடவுளுக்குக் குழப்பம் வேண்டாமென்று குங்குமப் பொட்டை வழமையைவிடப் பெரிதாக வைத்து, தாலியை எடுத்து வெளியே விட்டுக்கொண்டேன்.

பின்னால் வருகிறவர்களுக்கு அவை தெரியாது என்பதைத்தான் யோசிக்கவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. முழுகிவிட்டுத் தலைமயிரைக் காயவிட்டிருந்தேன். நிற்கும் என்னைக் கண்டு குட்டி விறகுக் குவியலுக்குள் போய்விட்டது. சரி, மிரளாமல் வரட்டும் என்று முற்றத்து மண்ணிலேயே குந்தியிருந்து, கையால் தொடையில் தட்டித் தட்டிக் கூப்பிட்டேன். பக்கத்துக் காணி அக்கா கத்தரிக்காய் கொண்டுவந்தது அந்த நேரம்தான். பின்பக்கத்தால் அவர் கண்டது வெள்ளை, விரித்த தலை, தொடையில் அடி.

கத்தரிக்காய் முற்றமெல்லாம் உருண்டது.

"ஐயோ பிள்ளை! விடியத்தானே மெசினிலை கையைக் காட்டிக்கொண்டு போனவர்! என்ரை ராசாத்தி, இந்தக் காட்டுக்குள்ளை உனக்கு இனி ஆரடி?"

அப்படியே என் கழுத்தைக் கட்டிக்கொண்டு மண்ணில் இருந்து ஒப்பாரி வைத்தார். என் வாய் அவருடைய தோளில் அமுங்கியிருந்தது. முகத்தைப் பார்த்ததும், "பொட்டும் கிடக்குதே" என்று அழிக்கக் கை நீட்டினார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா! அவருக்கு ஒண்டுமில்லை. இது மிஸிக்காக!"

"ஐயோ, மிஸியுமோ?"

வயலில் நின்றவர்கள் சத்தம் கேட்டு ஓடி வந்தார்கள். பெண்கள் வந்த வேகத்தில் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்து அழுதார்கள். நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை. குட்டி மட்டும் விறகுக்குள்ளிருந்து தலையை நீட்டியது. இத்தனை நாளும் அது கண்ட அந்நியர்கள் எல்லாம் மேலே நின்று குடையோடு கத்தியவர்கள். இவர்களோ அதன் உயரத்தில் இருந்தார்கள். அது மெல்ல வந்து அக்காவின் கன்னத்தை நக்கியது. பிறகு அடுத்தவரின் மடியை மணந்தது. அழுகை வீட்டில் நாயை அடித்துத் துரத்த யாருக்குத்தான் மனம் வரும்? எல்லோரும் அழுதுகொண்டே தடவிக் கொடுத்தார்கள்.

உழவு மெசின் வந்து நின்றது. இவர் பசளைத் தூசியோடு இறங்கி, சனத்தையும் தன் வேட்டியில் இருந்த என்னையும் பார்த்தார்.

"என்ன இது? ஆர் செத்தது?"

அக்கா மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னார்: "நீர்தான் தம்பி."

அன்று இவர் என்னோடு பேசவில்லை. இரவில் மட்டும், "என்ரை வேட்டியைத் தோய்ச்சுப் போடும்" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னார் என்று நினைக்கிறேன், இல்லாமலும் இருக்கலாம்.

மிஸி வந்த நாளில் மணி நீண்ட நேரம் அடித்தது.

"பிள்ளை! நான் செத்துப்போனனாம் எண்டு கிளிநொச்சிச் சந்தையிலை கதைக்கினம். அதென்ன கதை?"

"உள்ளை வாங்கோ மிஸி, சொல்லுறன். வந்து ஒருக்கால் நிலத்திலை இருங்கோ."

"நிலத்திலையோ? உம்மடை நாய்க்கு முன்னாலையோ?"

"இருந்தால் ஒண்டும் செய்யாது. பிழை விட்டால் அது நாளைக்கே ஓமந்தைக்குப் போகும், மிஸி."

என் முகத்தில் எதைக் கண்டாரோ தெரியாது. குடையை மடக்கி, பையை மார்போடு அணைத்துக்கொண்டு, நான் போட்ட பாயில் மெல்ல இருந்தார். குட்டி விறகுக்குள்ளிருந்து பார்த்தது. ஓர் அடி வைத்தது, நின்றது. அது கிட்ட வந்து, முன்பு கவ்விய அதே சீலைக் கரையை மணந்து பார்த்து, அதன்மேலேயே சுருண்டு படுத்தது.

"சரி, இனி எழும்பட்டோ? இன்னும் நாலு வீடு கிடக்கு" என்றார் மிஸி.

"ஐயோ, சீலையை இழுக்காதேங்கோ மிஸி. நித்திரை குழம்பினால் என்ன செய்யுமோ தெரியாது."

அது ஒன்றும் செய்யாது என்று எனக்கு ஓரளவு தெரியும். மகளைத் தூக்கி மிஸியின் மடியில் வைத்தேன். குட்டி கொட்டாவி விட, அவளும் வாயைத் திறந்தாள். நான் எதிரே வசதியாக இருந்து, விக்கலிலிருந்து கேட்கத் தொடங்கினேன்.