சேவியர் அண்ணன் முக்கிப் பார்த்த கிளவுஸ்

சேவியர் அண்ணன் போய்விட்டார்.

காலையில் அவர் மகன் ஃபோன் செய்தார். நேற்று பூசைக்குப் போய் வந்து, சாப்பிட்டு, சோபாவில் கண் அசந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம்.

"மூச்சு எதுவும் திணறலையே?" இதுதான் என் வாயில் முதலில் வந்தது. "இல்ல அங்கிள், தூக்கத்துலயே" என்றார். அழுகைக்கு முன்னால் ஓர் அப்பாடா வந்துவிட்டது. அத்தனை வருஷம் ஆசிட் ஸ்டோரில் நின்ற மனுஷன்...

சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் நாங்கள் வேலை பார்த்த வொர்க்‌ஷாப்பில் அவர் ஸ்டோர் கீப்பர். நான் வெல்டிங் முடிந்த எவர்சில்வர் குழாய்களில் பேஸ்ட் தடவுகிறவன். வெல்டிங் கறுப்பை எடுக்கிற பேஸ்ட். அதில் ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட் இருக்கும்.

பொல்லாத ஆசிட் அது. தோலில் பட்டால் உடனே எரியாது. ஒன்றும் இல்லை என்று நாம் வீட்டுக்குப் போய்விடுவோம்... அது சதைக்குள் இறங்கி எலும்பைத் தேடிக்கொண்டிருக்கும்.

அதனால் அண்ணன் ஒரு பழக்கம் வைத்திருந்தார். பேஸ்ட் கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு புது கிளவுஸையும் காற்றோடு சுருட்டிப் பிடித்து, வாளித் தண்ணீரில் முக்கிப் பார்ப்பார். ஒரு குமிழி வந்தாலும் குப்பைக்குத்தான்.

"அண்ணே, ஞானஸ்நானம் முடிஞ்சுதா?" என்று கிண்டல் செய்வோம். "உன் விரலுக்குத்தான் லா செய்றேன்" என்பார், சிங்கப்பூர் 'லா' போட்டு, தலை நிமிராமல்.

எங்கள் எல்லார் பர்ஸிலும் ஒரு மஞ்சள் அட்டை. ஆசிட் பெயரும், கால்சியம் ஜெல் போட வேண்டும் என்பதும் அதில் இருக்கும். டாக்டரிடம் காட்டுவதற்காக, அவரே அச்சடித்து லேமினேட் செய்து கொடுத்தது. மாதா படம் மாதிரி பத்திரமாக வைக்கச் சொல்வார்.

இப்போது என் கதை. இதை இங்கே எழுதுவதற்கு எனக்குக் கூச்சம்தான்.

முக்கி எடுத்த கிளவுஸ் உள்ளேயும் கொஞ்சம் ஈரமாகிவிடும். மதியத்துக்குள் கை ஊறி வெளுத்துப்போகும், அரிக்கும். எனக்கு அது பிடிக்காது. அவர் கொடுத்ததை லாக்கரில் போட்டுவிட்டு, பழைய ஜோடி ஒன்றை மாட்டிக்கொள்வேன். காய்ந்தது, கைக்குப் பழகியது.

ஒரு சனிக்கிழமை அரைநாள் வேலை. பழைய ஜோடி நைந்துவிட்டது என்று கழிவு டிரம்மில் எறிந்துவிட்டு, சிராங்கூன் ரோட்டுக்குக் கிளம்பிவிட்டேன். சாயங்காலம் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஆள்காட்டி விரல் விண்விண் என்று தெறிக்க ஆரம்பித்தது. பார்த்தால் ஒன்றும் இல்லை. வலி மட்டும் உயிர் போகிறது.

அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். "எனக்காக வெயிட் பண்ணாதே. குழாய்ல நல்லா கழுவு, உடனே டாக்சி பிடி, ஆஸ்பத்திரில அந்த அட்டையைக் காட்டு. நான் நேரா அங்க வர்றேன்."

சுவா சூ காங்கில் இருக்கிற வீட்டிலிருந்து வந்தார். கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் ஜெல் ட்யூப். அட்டையைப் பார்த்ததுமே டாக்டர் வைத்தியத்தைத் தொடங்கியிருந்தார். விரல் பிழைத்தது.

திங்கட்கிழமை விசாரணை. எந்த கிளவுஸ் என்று கேட்டார்கள். வேலை பெர்மிட் போய்விடும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயம். "ஸ்டோர்ல கொடுத்ததுதான் சார், டிரம்ல போட்டுட்டேன்" என்றேன்.

பக்கத்திலேயே நின்றார் அண்ணன். "நான்தான் சரியா பார்க்கல போல" என்றார். எச்சரிக்கைக் கடிதம் அவருக்குப் போனது. அவர் கொடுத்த ஜோடி புதுசாக என் லாக்கருக்குள் கிடந்தது.

அடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு கிளவுஸையும் இரண்டு தடவை முக்க ஆரம்பித்தார். ரிட்டயர் ஆகும்வரை இரண்டு தடவைதான். வரிசையில் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். நான் மட்டும் வாயைத் திறக்க மாட்டேன்.

மூன்று மாதத்துக்கு முன்னால் லிட்டில் இந்தியாவில் ஒரு டீக்கடையில் சந்தித்தோம். பேச்சுவாக்கில் சொன்னார், "அந்த ஒரு குமிழி எனக்கு எப்படி லா தெரியாமப் போச்சு? இன்னும் அதை நினைச்சா தூக்கம் வரல குமார்."

அதற்கு மேல் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

டீயைப் பாதியில் வைத்தார். "இத்தனை வருஷமாடா?" அவ்வளவுதான். எழுந்து எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் பக்கம் நடந்துவிட்டார். ஃபோன் எடுக்கவில்லை, மெசேஜுக்குப் பதில் இல்லை. தொலைந்தது உறவு என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு குரல் பதிவு வந்தது. "கோபம் இன்னும் போகல. ஆனா நல்லா தூங்குறேன் லா. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா, மீன் குழம்பு." போனேன். எனக்கு மட்டும் இரண்டு துண்டு மீன் வைத்தார்.

இன்று அவர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். ஜெபமாலை சுற்றிய கைகள். பத்து விரலும் சுத்தம், ஒரு தழும்பு கிடையாது.

அண்ணி என்னைப் பார்த்ததும் சொன்னார், "தெரியுமா தம்பி? வீட்டுல பாத்ரூம் கழுவுற கிளவுஸைக்கூட ரெண்டு தடவை முக்கிப் பார்ப்பாரு. கொஞ்ச நாளா ஒரு தடவைதான் முக்குனாரு. என்னங்க ஆச்சுன்னு கேட்டேன்... சிரிச்சாரு, சொல்லல."

நான் படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

நல்லவேளை சொல்லிவிட்டேன். மூன்று மாதம் தள்ளிப்போட்டிருந்தால்...

இதை டைப் செய்வது அந்த விரல்தான். நுனியில் கொஞ்சம் மரத்துப்போயிருக்கும், மற்றபடி நன்றாக இருக்கிறது.

தூங்குங்க அண்ணே. நீங்க கொடுத்த கிளவுஸ்ல ஓட்டை இல்ல.