தாலி கட்டும் இடத்தில் பன்னிரண்டு விநாடி

“தொழில்: பொழுதுபோக்குக் கலைஞர், இலேசு வகை. குழந்தைகளின் பிறந்தநாள் விழாக்களுக்கும் கடற்கரை விடுமுறை முகாம்களுக்கும் ஏற்றவர்.”

1984இல் கிழக்கு லண்டனில், வேலையில்லாதவர்களுக்கு உதவிப்பணம் கொடுக்கும் ஒரு பெனிபிட் அலுவலகம் டெஸ்மண்ட் ஹேவர்கிலின் அட்டையில் இப்படி எழுதி வைத்திருந்தது. எழுதியவரைக் குறை சொல்ல முடியாது. அவர் கையிலிருந்த பட்டியலில் சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இரண்டே இடங்கள்தான் இருந்தன. மற்றது தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பது. டெஸ்மண்ட் கடவுள் நம்பிக்கை இல்லாதவர். ஆகவே பிறந்தநாள் விழா.

இந்த இலேசான மனிதர் எழுதியவற்றில் மிகச் சிறிய பாட்டு பதினான்கு நிமிடம். பெயர் வாங்கிக் கொடுத்தது இருபத்து மூன்று நிமிடம். ஒரு பனியாறு மலையிலிருந்து இறங்கிக் கடலில் கரையும் கதை. பனியாற்றுக்கு அவசரம் கிடையாது என்பதால் பாட்டுக்கும் கிடையாது. எந்தக் குழந்தையும் அதைக் கேட்டு முடிப்பதற்குள் அடுத்த பிறந்தநாள் வந்துவிடும்.

எழுபதுகளில் இங்கிலாந்தில் புரொகிரசிவ் ரொக் என்ற சங்கீதம் ஓகோவென்று இருந்தது. மூன்று நிமிடப் பாட்டில் அடங்காத எதையும் அதில் கொட்டலாம். தாளம் நாலில் நிற்காமல் ஏழுக்குப் போகும், பதினொன்றுக்குப் போகும், போன காரணத்தைச் சொல்லாது. டெஸ்மண்ட் நான்கு பேர் கொண்ட ஒரு குழுவுக்குப் பாட்டெழுதி, இசையமைத்து, ஓர்கனும் வாசித்தார். 1979இல் இசைத்தட்டுக் கம்பனி கூப்பிட்டு, காலம் மாறிவிட்டது, பனியாற்றை மூன்றரை நிமிடமாக வெட்டித் தாருங்கள் என்றது. எதை வெட்டுவது என்று கேட்டார். நல்லதை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டுங்கள் என்றார்கள். மற்ற மூவரும் சம்மதித்தார்கள். டெஸ்மண்ட் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். தான் எழுதியதில் ஒரு சுரத்தைக்கூட மாற்றுவதில்லை என்பது அவருடைய ஒரே கொள்கை. அதை வைத்துக்கொண்டு சீவிக்க முடியாது என்பதும் அவருக்குத் தெரிந்தேயிருந்தது.

வால்தம்ஸ்டோவில் அவர் குடியிருந்த மாடிக்குக் கீழே 1985இல் கனகலிங்கம் கடை திறந்தார். முன்பக்கத்தில் தமிழ்ப்பட வீடியோக்கள் வாடகைக்கு. பின்பக்கத்தில் கல்யாண வீடியோ செய்து கொடுப்பது. இந்தப் பின்பக்கத் தொழிலில் ஒரு சிக்கல் இருந்தது. யாழ்ப்பாணக் கல்யாணத்தில் வந்தவர்கள் அத்தனை பேரும் வரிசையில் நின்று மணமக்களுக்கு அறுகரிசி போடுவார்கள். ஒருவரையும் வீடியோவில் விட முடியாது. விடுபட்டவர் ஒரு சித்தப்பா என்றால் இரண்டு குடும்பங்கள் பத்து வருடம் பேசாது. வரிசை முக்கால் மணி நேரம் நீளும். சினிமாப் பாட்டோ நாலரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஒன்பது பாட்டு ஒட்டிப் பத்தாவதுக்கு வரும்போது கையிருப்பில் காதல் தோல்விதான் மிஞ்சும். மணமகனின் பெரியப்பா அரிசி போட, பின்னணியில் ஒருத்தர் செத்துப்போகப் போவதாகப் பாடிக்கொண்டிருப்பார்.

மேலே இரைச்சல் தாங்காமல் முறையிடத்தான் கனகலிங்கம் மாடிப்படி ஏறினார். பேசியது ஆங்கிலம்தான், ‘அண்ணை’ மட்டும் தமிழ்.

“அண்ணை, நான் கீழ்க்கடை. உங்கடை பாட்டு எப்ப முடியும்?”

“இன்னும் பதினெட்டு நிமிடம் இருக்கிறது,” என்றார் டெஸ்மண்ட், வெட்கத்தோடு.

கனகலிங்கம் கதவைப் பிடித்தபடி கொஞ்சம் யோசித்தார். “நாற்பத்தைஞ்சுக்கு இழுக்க ஏலுமோ?”

ஆறு ஆண்டுகளாக டெஸ்மண்டிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. உள்ளே வரச் சொல்லித் தேநீர் கொடுத்தார்.

அன்று தொடங்கியது. படத்தை ஓடவிட்டு, வரிசையில் வருபவர்களின் நடையைப் பார்த்துப் பார்த்து டெஸ்மண்ட் எழுதினார். கைத்தடியோடு வருபவருக்கு ஒரு போக்கு, குழந்தையை இடுப்பில் வைத்திருப்பவளுக்கு இன்னொன்று. ஆங்கிலப் பத்திரிகைகள் மனித இயல்புக்கு விரோதமானது என்று எழுதிய அவருடைய ஏழுதாளத்துக்குக் கனகலிங்கத்தின் மனைவி சிவனேஸ்வரி வெங்காயம் அரிந்துகொண்டே காலால் தாளம் போட்டார். மிஸ்ரசாபு தானே, இதிலென்ன என்பது அவர் எண்ணம்.

தாலி கட்டும் இடத்தை மட்டும் டெஸ்மண்ட் தொடுவதில்லை. அங்கே மண்டபத்துச் சத்தத்தை அப்படியே விட்டுவிடுவது கனகலிங்கத்தின் வழக்கம். ஏன் என்று அவர் சொன்னதில்லை. தமிழனுக்குச் சொல்லத் தேவையில்லாத விஷயம். டெஸ்மண்ட் தமிழனில்லை என்பது அதற்குள் அவருக்கு மறந்துபோயிருந்தது.

1986இல் நிர்மலா என்ற பெண்ணின் கல்யாணம் பார்க்கிங் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. யாரோ மைக் வயரில் இடறி விழுந்ததில் ஒலி முழுவதும் கெட்டுப்போனது. கனகலிங்கம் காய்ச்சலில் படுத்திருந்தார். “எல்லாத்துக்கும் நீங்களே போடுங்கோ, அண்ணை,” என்று போனில் சொல்லிவிட்டார்.

டெஸ்மண்ட் எட்டு நாள் உழைத்தார். ஒன்பது நிமிடம் படிப்படியாக ஏறி, மணமகன் கை தாலியோடு உயரும் கணத்தில் எல்லாவற்றையும் நிறுத்தினார். பன்னிரண்டு விநாடி மௌனம். வாழ்க்கையில் எழுதியவற்றிலேயே அதுதான் சிறந்த இடம் என்று அவருக்குப் பட்டது.

மணமகளின் தாய் செல்வமலர் திங்கட்கிழமை கசெற்றோடு வந்து நின்றார். பாதிக் காய்ச்சலில் எழுந்துவந்த கனகலிங்கம் மொழிபெயர்த்தார்.

“தம்பி, இந்த மனிசன் என்ன செய்து வச்சிருக்கிறார்? தாலி கட்டேக்கை செத்தவீடு மாதிரிக் கிடக்குது.”

“அக்கா உங்கள் இசை மிகவும் ஆழமாக இருக்கிறது என்கிறார்,” என்றார் கனகலிங்கம் ஆங்கிலத்தில்.

“நன்றி,” என்றார் டெஸ்மண்ட்.

“என்ன சொல்லுறார்?”

“யோசிக்கிறாராம், அக்கா.”

“யோசிக்க நேரமில்லை. வியாழக்கிழமை இதைக் கொண்டுபோற ஆள் கொழும்புக்குப் போகுது. இவருக்கு விசாவும் குடுக்கேல்லை, வர ஏலாமல் போச்சு. பெத்த பிள்ளையின்ரை கலியாணத்தை அவர் இதிலைதான் பாக்கப்போறார். சத்தமில்லாத தாலியை நான் எப்பிடி அனுப்புறது?”

இவர் என்பது செல்வமலரின் கணவர் யோகலிங்கம், மானிப்பாயில் தபாலதிபர். இதைக் கனகலிங்கம் மெருகில்லாமல் மொழிபெயர்த்தார். அந்த இடத்தில் கெட்டிமேளத்தை ஒட்டிவிடலாமா என்றும் கேட்டார்.

டெஸ்மண்டின் முகம் 1979க்குப் போய்விட்டது. “மௌனம்தான் அந்தப் பாட்டின் மையம். அதை எடுத்தால் மற்றது எதற்கு?”

கனகலிங்கத்துக்கு ஒரு பக்கம் வாடிக்கை, மறுபக்கம் அண்ணை. இருவருக்கும் நடுவில் இருமினார்.

“நீர் பேசாமலிரும், தம்பி,” என்று சொல்லிவிட்டுச் செல்வமலர் தானே ஆங்கிலத்தில் இறங்கினார். பள்ளிக்கூடச் சமையலறையில் இரண்டு வருடத்தில் பழகிய ஆங்கிலம். குறுகலாக இருந்தாலும் வளையாதது. மேளம் பாட்டில்லை என்றார். அந்த நேரத்தில் யாராவது தும்மக்கூடும், ஒரு பிள்ளை அழக்கூடும், யாராவது வேண்டாத சொல் சொல்லக்கூடும். அது எதுவும் யார் காதிலும் விழக்கூடாது. அதற்குத்தான் அடிப்பது.

டெஸ்மண்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார். “வேறு எதுவுமே கேட்கக் கூடாதா?”

“ஒன்றும்.”

“எவ்வளவு நேரத்துக்கு?”

“மூன்று முடிச்சும் போட்டு முடியும்வரை.”

அவர் எழுந்து படத்தைத் திருப்பி ஓட்டினார், கையில் கடிகாரத்தோடு. மாப்பிள்ளை பதற்றக்காரர். முதல் முடிச்சு வழுக்கியது. மூன்றும் முடிய நாற்பத்தொரு விநாடி ஆனது.

“அப்படியானால் பன்னிரண்டு போதாது,” என்றார் டெஸ்மண்ட். குரலில் துக்கம் இருந்திருக்க வேண்டும், ஆனால் இல்லை. பாட்டை மாற்றச் சொல்லி வந்தவர்களில், கனகலிங்கத்துக்குப் பிறகு, அதை நீளமாக்கச் சொன்ன ஆள் செல்வமலர்தான். கொள்கை என்பது இவ்வளவு எளிதாக வளைந்து கொடுக்கும் என்று அந்த இசைத்தட்டுக் கம்பனிக்குத் தெரியாமல் போயிற்று.

செல்வமலர் கொடுத்த மேளக் கசெற்றைப் புதன் மாலைவரை கேட்டார். அந்த அடிக்கு மேல் ஓர்கனை முழு மூச்சில் திறந்துவிட்டார். கீழே கடையில் வீடியோப் பெட்டிகள் தட்டிலிருந்து இரண்டங்குலம் நகர்ந்தன. வியாழன் காலை கசெற் விமானமேறியது.

பிறகு நான்கு மாதம் ஒரு தகவலுமில்லை. செல்வமலரைக் காணும்போதெல்லாம் டெஸ்மண்ட் கடையின் பின்பக்கம் போய்விடுவார். விமர்சனத்துக்குக் காத்திருக்கும் பழைய வியாதி.

கடிதம் வந்த அன்று செல்வமலர் அதைக் கையில் எடுத்துக்கொண்டே வந்தார். மின்சாரம் இருந்த ஒரு மாலையில், அயலவர் வீட்டில் முப்பது பேர் கூடிப் பார்த்ததாக யோகலிங்கம் எழுதியிருந்தார். கனகலிங்கம் வாசித்து வாசித்துச் சொன்னார்:

“‘தாலி கட்டியது நன்றாகக் கேட்டது. நான் எழும்பி நின்றேன், எல்லோரும் நின்றார்கள். ஒரு குறை. சாப்பாட்டுக் காட்சிக்கு வந்த பாட்டு நடுவில் நின்றுவிட்டது. மிச்சம் எங்கே என்று அந்த மாஸ்ரரிடம் கேட்டு எழுதவும்.’”

கசெற் முடிந்துபோனதால் கனகலிங்கம்தான் அங்கே வெட்டியிருந்தார். அவர் கடிதத்தை மடிக்கத் தொடங்கினார்.

“அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை வாசியுங்கள்,” என்றார் டெஸ்மண்ட்.

மிச்சம் பதினொரு நிமிடம் இருந்தது. அந்தக் கிழமையே அதை வாசித்துப் பதிந்து மானிப்பாய்க்கு அனுப்பினார்.

1985 முதல் 1996 வரை டெஸ்மண்ட் ஹேவர்கில் லண்டனில் நடந்த இருநூற்றுப் பதினாறு தமிழ்க் கல்யாணங்களின் வீடியோக்களுக்கு இசையமைத்தார்.