நொண்டிக் காத்தானும் மாரியப்பனும்

குமாரவேல் சினிமாவில் நடித்தது ஒன்பது படங்கள். ஒன்பதிலும் ஒரே வேஷம்: குடித்துவிட்டு உளறும் மீன்பிடிக்காரன். காசிமேட்டுக் கரையில் பிறந்தவன் என்பதால் மெட்ராஸ் பேச்சு அவன் நாக்கில் தானாக வந்தது. கோடம்பாக்கத்துக்காரர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

1948-ல் முதல் படம். "பேச்சு சரி, நடையிலும் ஏதாவது வேணுமே" என்றார் டைரக்டர். குமாரவேல் யோசிக்கக்கூட இல்லை. இடது காலை இழுத்து, தோளை ஒரு பக்கம் சாய்த்து, நாலு அடி நடந்து காட்டினான். செட்டில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அது அவன் அக்கா நீலாவின் புருஷன் மாரியப்பனின் நடை. கட்டுமரத்தைக் கரையேற்றும்போது மரம் சரிந்து நசுங்கிய கால். தாய் தகப்பன் போன பிறகு குமாரவேலுக்குப் பத்து வருஷம் சோறு போட்டது அந்தக் கால்தான்.

படத்தில் அவனுக்கு நொண்டிக் காத்தான் என்று பெயர். ராயபுரத்தில் நாற்பது நாள் ஓடியது. அதற்கப்புறம் மீன் ஏலத்தில் மாரியப்பன் வாயைத் திறந்தாலே, "காத்தான் வந்துட்டாண்டா, ஊத்து" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். கரையே சிரிக்கும். ஒரு சொட்டுக் கள் தொடாத மனுஷன். வருஷம் திரும்புவதற்குள் கரைக்குப் போவதை நிறுத்திவிட்டு, வீட்டோடு வலை பின்ன உட்கார்ந்துவிட்டார்.

இதெல்லாம் குமாரவேலுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் இன்னும் எட்டுப் படங்களில் அதே காலை இழுத்தான். வேறு வேஷம் கேட்டால், "ஜனங்க காத்தானைப் பாக்கத்தான் வர்றாங்க" என்று வாயை அடைத்தார்கள்.

ஒன்பதாவது படம் முடிந்த வாரம் அக்கா வீட்டுக்குப் போனான். தண்ணீர் மொள்ள எழுந்த மாரியப்பன், வாசலில் அவனைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துகொண்டார். அவன் இருந்த ஒரு மணி நேரமும் எழுந்திருக்கவில்லை. அவன் முன்னால் ஓர் அடிகூட நடக்கவில்லை. அதற்குப் பிறகு குமாரவேல் கோடம்பாக்கம் போகவில்லை.

திருவொற்றியூரில் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. சாப்பாட்டு நேரத்தில் கதை எழுத ஆரம்பித்தான். முதல் கதை, ஊனக் காலோடு அல்லாடும் ஒரு மீன்பிடிக்காரனைப் பற்றியது. அதை மாரியப்பனுக்குப் படித்துக் காட்டினான்.

மாரியப்பன் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"அப்போ குடிகாரன்னு காமிச்சே. இப்போ பாவம்னு எழுதிகினு வந்துகீறே. நான் ரெண்டும் இல்லடா கொமாரு."

"அப்போ இன்னாதான் எழுதறது மாமா?"

"நீ என்னிய எப்பனா கேட்டுகீறியா?"

குமாரவேல் அந்தக் காகிதங்களைக் கிழித்துப் போட்டான். ஞாயிறுதோறும் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். காற்று எந்தப் பக்கம் திரும்பினால் எந்த மீன் வரும், எண்ணூர்ப் பக்கம் கடல் எங்கே ஆழம், ஏலக்காரனை எப்படி மடக்குவது என்று அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டான். அதையெல்லாம் வைத்து எழுதிய புதுக் கதை 1955-ல் ஒரு வாரப் பத்திரிகையில் வந்தது. பெயருக்குக் கீழே 'காத்தான் புகழ்' என்று போடலாமா என்று ஆசிரியர் கேட்டார். வேண்டாம் என்றுவிட்டான். கதையில் மாரியப்பனின் பெயர் அப்படியே இருந்தது. அவரே வைக்கச் சொன்னதுதான்.

பத்திரிகையைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது நீலா அதைக் கையில் வாங்கவில்லை.

"இத்த எத்தினி பேரு படிப்பாங்க?"

"ரெண்டாயிரம் பேரு இருக்கும்க்கா."

"அந்தப் படத்த எத்தினி பேரு பாத்தாங்க?"

குமாரவேல் பத்திரிகையை மாரியப்பன் பக்கத்தில் வைத்தான். அவள் அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள்.

அடுத்த மாதம் மாரியப்பன் மறுபடி கரைக்குப் போனார். காத்தான் என்று கூப்பிடுகிறவர்கள் அங்கே இன்னும் இருந்தார்கள். குமாரவேலுக்கு அது திருவொற்றியூரில் இருந்தே கேட்பதுபோல் இருக்கும். அவன் அடுத்த கதையை எழுத உட்காருவான்.