செயினுக்குள் கிடந்த நத்தை ஓடு

பழைய பொக்லைன் வாங்கப் போகிறவர்கள் என்னையும் கூட்டிக்கொண்டு போவார்கள். நான் படித்துக் கற்ற தொழில் இல்லை இது. செங்கல்பட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தபோது, உடைந்து வந்த வண்டிகளை ஒட்டவைத்து ஒட்டவைத்தே தெரிந்துகொண்டேன். பட்டறைப் பக்கம் ஒரு பேச்சு உண்டு: பெயின்ட் பொய் சொல்லும், வெல்டிங்குக்குப் பொய் வராது.

ஒருநாள் அச்சரப்பாக்கம் பக்கமிருந்து ஒரு பெண் வந்தார். விவசாயக் குடும்பம். டிராக்டர் விட்டுக்கொண்டிருந்தவர், முதல்முறையாக ஏரி தூர்வாரும் வேலை எடுத்திருந்தார். வாடகைக்குப் பிடித்த பொக்லைன் இரண்டாம் நாளே ஏரி நடுவில் சேற்றில் புதைந்துவிட்டது. ஐப்பசி மழைக்குள் முடிக்காவிட்டால் வேலை கைமாறிவிடும்.

"சேத்துல முழுவாத வண்டியா ஒண்ணு பாத்துக் குடுண்ணா. மொத வேலயே பாழாச்சின்னா அப்பால எவன் என்னிய நம்புவான்" என்றார்.

கேளம்பாக்கம் தாண்டி, பழைய வண்டிகள் விற்கும் ஒரு யார்டுக்குப் போனோம். ஓடுகிற நிலையில் அன்று ஒன்றே ஒன்றுதான் நின்றது. சக்கரத்துக்குப் பதில் அது ஊர்ந்து போகும் செயினில், பலகை ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் கூடுதலாக இரும்புத் தகடு வைத்து வெல்டிங் அடித்திருந்தது.

"நாலு பேரு வந்து பாத்தாங்கோ அண்ணாத்த. தகட்டப் பாத்ததும் டீயக் குடிச்சிட்டு கெளம்பிட்டாங்கோ. ஏலத்துல எடுத்தது, அதோட ஜாதகம் எனுக்குத் தெரியாது" என்றார் யார்டுக்காரர்.

எங்கள் பக்கம் தகடு அடித்த வண்டி என்றாலே குவாரி வண்டிதான். சுற்றிலும் கல் உடைக்கிற ஊர்கள். அங்கே உழைத்து விரிசல் விட்டதைத் தகடு வைத்து மறைத்து விற்பார்கள். நானும் அந்தப் பழக்கத்தில் நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிட்டேன்: "வேணாம்மா. குவாரி வண்டி. எலும்பு தேஞ்சிருக்கும்."

"இன்னாண்ணா, நீ குனிஞ்சிகூடப் பாக்கல" என்றார் அந்தப் பெண்.

சுருக்கென்றது. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். துண்டை விரித்துத் தரையில் படுத்தேன்.

தகட்டின் ஓரங்களைத் தடவிப் பார்த்தால், பலகை பலகையாக நேராக இருந்தன. கல்மேல் ஒரு வாரம் ஏறியிருந்தால்கூட அப்பளமாக வளைந்திருக்கும். குவாரிக்கே போகாத வண்டிக்கு எதற்குத் தகடு? எழுந்து வண்டியின் கையைப் பார்த்தேன். பக்கெட்டிலிருந்து மேல்நோக்கி ஒல்லியான செப்புக் குழாய்கள் ஓடின. அடியில் இருக்க வேண்டிய கிரீஸ் அடிக்கும் வாய்களை யாரோ மேலே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். கீழே கால் ஊன்ற முடியாத இடத்தில் வேலை செய்தவன்தான் அப்படி யோசிப்பான்.

"இது ஒட்டுப்போட்ட வண்டி இல்லம்மா. சேத்துல முழுவாம நடக்கறதுக்கு அகலமா வாத்துக்கால் வெச்சிருக்காங்க" என்றேன்.

ஒரு பயம் மட்டும் மிச்சம் இருந்தது. முட்டுக்காட்டுப் பக்கம் உப்பங்கழியில் ஓடிய வண்டியாக இருந்தால், உப்பு உள்ளே புகுந்து தின்றிருக்கும். செயின் சட்டத்தின் சந்தில் காய்ந்திருந்த சேற்றை ஸ்க்ரூ டிரைவரால் நோண்டினேன். உருண்டையாக ஒரு நத்தை ஓடு வந்து விழுந்தது. ஏரியிலும் வயலிலும் கிடக்கிற நத்தை. கழிச் சேறு என்றால் மட்டிச் சிப்பி அல்லவா வந்திருக்கும்? அப்படியும் மனம் கேட்கவில்லை. ஒரு துணுக்குச் சேற்றை நாக்கில் வைத்தேன்.

"இன்னா அண்ணாத்த, காலைல நாஸ்தா துன்னலியா?" என்றார் யார்டுக்காரர்.

உப்பு இல்லை. நல்ல தண்ணீர்ச் சேறு. இந்த வண்டி காலமெல்லாம் ஏரியில்தான் உழைத்திருக்கிறது. இன்ஜினும் முதல் சாவிக்கே எழுந்தது.

"எடுத்துக்கோம்மா. கல்லு மேல மட்டும் ஏத்தாத" என்றேன்.

மூன்றாம் நாள் வண்டி ஏரிக்கரையில் இறங்கியது. நானும் போயிருந்தேன். புதைந்த பொக்லைனின் சொந்தக்காரர் கரையில் குந்தியிருந்தார். "இன்னாக்கா, ரெண்டாவதையும் பொதைக்கப் போறியா? தொணையா இருக்கட்டும்னா?" என்றார்.

அந்தப் பெண் ஆபரேட்டருக்குக் கையை மட்டும் காட்டினார். வண்டி கரையை விட்டுச் சேற்றில் கால் வைத்தது. சேறு பிதுங்கியது, தகடு அமுங்கியது, நின்றது. வாத்து மாதிரியே ஆடி ஆடி ஏரி நடுவுக்கு நடந்தது. புதைந்த வண்டியைச் சுற்றிச் சேற்றை வாரி, இரும்புக் கயிறு கட்டி, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கு இழுத்து வந்தது. சொந்தக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடவே ஓடினார்.

"ஓரமா நிறுத்திக்கோ. எங்களுக்கு வேல கீது" என்றார் அந்தப் பெண்.

மழை பிடித்த முதல் வாரத்தில் எனக்குப் போன் வந்தது. பின்னால் மதகுத் தண்ணீர் இரைச்சல்.

"ஏரி ரொம்பிகினு கீதுண்ணா. பக்கத்து ஊரு ஏரிக்கும் என்னியத்தான் கூப்புட்டுக்கீறாங்க."

நத்தை ஓடு இன்னும் என் ஸ்கூட்டர் டிக்கியில் கிடக்கிறது.