முளைக்காத மைசூர்ப் பருப்பு

ஊறிப் புளித்த பருப்பின் மணம் எனக்கு இப்போதும் தெரியும். சோறு புளித்தால் வரும் மணம் வேறு, இது வேறு. இதில் கொஞ்சம் மண்ணெண்ணெயும் கலந்திருந்தது. விளக்குச் சிமினிக்குள் இருந்து வந்த மணம் அது.

எண்பத்து மூன்றாம் ஆண்டு, ஆவணி மாதம். ஆடிக் கலவரத்தில் தெற்கில் கடை எரிந்து, அகதிக் கப்பலில் காங்கேசன்துறையில் இறங்கி, அப்பா தீவிலிருக்கும் எங்கள் ஊரான சுருவிலுக்கு வந்து சேர்ந்திருந்தார். எனக்கு ஒன்பது வயது. தங்கச்சிக்கு நாலு. அவளைச் "சின்னவள்" என்றுதான் கூப்பிடுவோம்.

அப்பா இருபது வருடம் தெற்கில் பலசரக்குக் கடை நடத்தியவர். வருடத்துக்கு ஒருமுறை கோயில் திருவிழாவுக்கு வந்து, பத்து நாள் நின்றுவிட்டுப் போவார். சின்னவளுக்கு அவர் இனிப்புப் பெட்டியோடு வருகிற ஒரு ஆள், அவ்வளவுதான். இந்த முறை இனிப்புப் பெட்டியும் இல்லை, திரும்பிப் போகிற நாளும் இல்லை.

"இந்த மாமா எப்ப போவார்?" என்று அம்மாவிடம் கேட்டாள். அப்பா பக்கத்தில்தான் கதிரையில் இருந்தார்.

"மாமாவோ? அது உன்ர அப்பா. அப்பா எண்டு சொல்லு" என்று அம்மா அவள் வாயில் தட்டினார். அவள் சொல்லவில்லை. அப்பா முற்றத்தைப் பார்த்தபடி இருந்தார்.

கடையை உடைத்த அன்று, தீ வைக்கும் வரைக்கும் அவர் பின்னறையில் மூட்டைகளுக்கு நடுவே ஒளிந்திருந்தாராம். அம்மாவிடம் மட்டும் சொன்ன கதை. அவர் கட்டியிருந்த சாரத்தைத் தோய்க்க அம்மா கிணற்றடியில் உதறியபோது, மடிப்புத் தையலுக்குள் இருந்து ஏழெட்டுப் பருப்பு சிவப்பாக விழுந்தது. மைசூர்ப் பருப்பு. கடையில் மிஞ்சியது அதுதான்.

சின்னவள் அதைப் பொறுக்கிக்கொண்டு, "இது எந்த மரத்தில காய்க்கிறது?" என்று கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும்? வித்தவரைப் போய்க் கேள்" என்றார் அம்மா.

அவள் அப்பாவுக்கு இரண்டு முழம் தள்ளி நின்று கையை நீட்டிக் காட்டினாள். அப்பா பார்த்தார்.

"தெரியாது பிள்ளை. எனக்கு மூட்டையிலதான் வந்தது." கொஞ்சம் பொறுத்து, "நட்டுப் பாப்பமே?" என்றார்.

"முளைக்குமோ?"

"முளைக்கும்."

அவள் அவரோடு கதைத்த முதல் கதை அது. அவரை நம்பியதும் அன்றைக்குத்தான்.

சிரட்டையில் மண் போட்டு நட்டார்கள். சின்னவள் பத்து நிமிடத்துக்கு ஒருக்கால் விரலை விட்டுத் தோண்டிப் பார்த்தாள். அப்பா ஏசவில்லை. அம்மா சமைக்கும் குசினியின் மூலையில் வாய் உடைந்த விளக்குக் கண்ணாடிச் சிமினி ஒன்று கிடந்தது. அதை ஒரு தட்டில் நிமிர்த்தி வைத்து, உள்ளே பழந்துணியைச் சுருட்டித் திணித்து நனைத்தார். துணிக்கும் கண்ணாடிக்கும் இடையில் பருப்பைச் செருகினார்.

"கடையில நல்ல சாமானைக் கண்ணாடிப் போத்திலுக்குள்ளதான் வைப்பம். ஆக்கள் தொடக்கூடாது, ஆனால் பாக்க வேணும்" என்றார்.

காலையும் மாலையும் இரண்டு பேரும் சிமினிக்கு முன்னால் குந்தியிருப்பார்கள். முதல்நாள் பருப்பு ஊதியது. "அக்கா, குண்டாகுது!" என்று கத்தினாள். இரண்டாம் நாள் சிவப்பு வெளுத்தது. பிறகு ஒன்றும் நடக்கவில்லை. "இண்டைக்கு?" என்பாள். "நாளைக்கு" என்பார் அப்பா. ஐந்தாம் நாள் அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"என்னப்பா இது, இப்பிடி நாறுது?" குனிந்து பார்த்தவர் சிரிக்கத் தொடங்கினார். அப்பா வந்த பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. "இருபது வருஷம் பருப்பு வித்த மனுசன்! தோல் உரிச்சு, ரெண்டா உடைச்ச பருப்பெல்லோ இது. உடைச்சது எங்கை முளைக்கும்?"

அப்பா ஒரு பருப்பை எடுத்து விரலுக்கிடையில் தேய்த்தார். அது மாவாய்ப் போனது. "ஓம். உடைச்ச பருப்பு" என்றார்.

சின்னவள் சிரிக்கவில்லை. "இந்த மாமா பொய் சொல்லுறார்" என்றாள். பிறகு இரண்டு நாள் அவர் இருந்த பக்கமே அவள் போகவில்லை. அப்பாவும் கதிரையை விட்டு எழும்பவில்லை.

மூன்றாம் நாள் அம்மா சாம்பல் போட்டு விதை வைத்திருந்த டின்னைத் திறந்து, இரண்டு பயற்றங்கொட்டையை அப்பாவின் கையில் வைத்தார். "மாரி மழைக்கு நட வைச்சது. இதைப் போட்டுப் பாருங்கோ."

அப்பா சிமினியைக் கழுவினார். புதுத் துணி வைத்தார். வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டு வளவுக் கிணற்றுக்கு நடந்தார்.

"அது உவர்த் தண்ணி. அதை ஊத்தினால் முளைக்காது" என்றேன் நான்.

அவர் நின்று என்னைப் பார்த்தார். தன் வளவுக் கிணறு ஆவணியில் உவர்க்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நல்ல தண்ணீர் அரை மைல் தள்ளிக் கோயிலடிக் கிணற்றில்தான். நாளுக்கு இரண்டு குடம். அது நாலு பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும்தான் காணும். "கொட்டைக்கு ஊத்த என்னட்டை நல்ல தண்ணி இல்லை" என்று அம்மா சொல்லிவிட்டார்.

அடுத்தநாள் விடியக் குடத்தை அப்பா தூக்கினார். நானும் கூடப் போனேன். கிணற்றடியில் நின்ற ஒருவர், "என்ன முதலாளி, குடத்தோடை?" என்று பகிடியாகக் கேட்டார்.

"முதலாளி அங்கையே நிண்டிட்டார். இது நான்" என்றார் அப்பா.

வீட்டுக்கு வரும்போது பாதித் தண்ணீர் அவர் போட்டிருந்த சேட்டில்தான் இருந்தது. மிச்சத்தை அம்மா வாங்கி வைத்தார். அப்பா கொட்டைக்கென்று தனியாக ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாட்டோடு தனக்குக் கொடுத்த தண்ணீரில் பாதியைக் குடித்தார், மீதியைச் சிமினித் துணியில் ஊற்றினார். ஒவ்வொரு வேளையும் அப்படித்தான். சின்னவள் கதவு நிலையோடு ஒட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்தநாள் மத்தியானம் தன் சின்னக் குவளையைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள். அரைவாசி இருந்தது. "எனக்கு விடாய்க்கேல்லை" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். அந்த வெயிலில் விடாய் இல்லாத பிள்ளை ஊரில் எங்கே இருந்தது?

நாலாம் நாள் காலை அப்பா வேலி அடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்து சத்தம் வந்தது.

"அப்பா! வெள்ளையா வால் வந்திட்டுது! அப்பா!"

அப்பா திரும்பவில்லை. ஓலையை இழுத்துக் கட்டிக்கொண்டே நின்றார். காது கேட்காமல் இல்லை. அந்தக் குரல் அந்தச் சொல்லைச் சொல்லி அவர் கேட்டதில்லை.

"அப்பா!"

அம்மா குசினி வாசலுக்கு வந்தார். "இஞ்சேருங்கோ. உங்களைத்தான் கூப்பிடுறாள்."

அப்பா ஓலை வெட்டிய கத்தியைக் கீழே போட்டார். வந்து சிமினிக்கு முன்னால் குந்தினார். கொட்டையின் தோல் வெடித்து, வேர் கண்ணாடியில் ஒட்டிக் கீழே வளைந்திருந்தது. சின்னவள் அவர் தோளில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"ஓம். முளைச்சிட்டுது" என்றார்.

தொண்ணூறில் சண்டை வந்து, கையில் அகப்பட்டதோடு தீவை விட்டு வெளிக்கிட்டோம். அந்தச் சிமினி எங்கே போனதென்று தெரியாது. இப்போது கடையில் சிமினி கேட்டால் நிற்கிற பெடியனுக்கு விளங்காது. சுருவில் வீட்டுக்கு இப்போது கூரை இல்லை. கிணறு இருக்கிறது, இன்னும் உவர்தான். அப்பா காலமாகிப் பத்து வருடத்துக்கு மேல்.

சின்னவள் வெளிநாட்டில். போன மாதம் ஃபோனில் இந்தக் கதையை அவளுக்குச் சொன்னேன்.

"சும்மா சொல்லாதேங்கோ அக்கா. நான் அப்பாவை மாமா எண்டு எப்ப கூப்பிட்டனான்? பிறந்த நாளிலயிருந்து அப்பா எண்டுதான்" என்றாள்.

"ஓம், அப்பா எண்டுதான்" என்றேன் நான்.